அஜ்மான் கட்டிலிலிருந்து நாகலூர்ச் சாலைக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் ஒரு காலை, ஐக்கிய அரபு அமீரகத்தின் அஜ்மானில் கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்த அறையொன்றில், ஐம்பது வயதை ஒட்டிய கொத்தனார் ஒருவர் கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். வலது கையும் காலும் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. பேச்சு வரவில்லை. உடன் இருந்தவர்கள் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அறையைக் காலி செய்துவிட்டார்கள். அவர்களிலும் சிலரிடம் விசா காலாவதியாகியிருந்தது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. போவதற்கு முன் ஆம்புலன்ஸை அழைத்தார்கள், அதனால்தான் அவர் இன்று உயிரோடு இருக்கிறார்.

அவரை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உள்ள அவருடைய வீட்டில் கொண்டுவந்து படுக்க வைக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் யார் என்ன செய்தார்கள், எங்கே நாள்கள் வீணாயின என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். வெளிநாட்டில் இருக்கும் தன்னார்வலர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் அங்கே எவ்வளவு ஓடினாலும், இங்கே ஊரில் ஓடுவதற்கு ஒருவர் இல்லாவிட்டால் நோயாளி கட்டிலை விட்டு நகர மாட்டார் என்பதை நாம் பேசுவதில்லை. சேலத்தில் அந்த ஊர்ப்பக்க வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குடும்பத்தின் விருப்பப்படி பெயர்களையும் மலைக்கிராமத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நோயாளியைக் கொத்தனார் என்றும், ஷார்ஜாவில் இருக்கும் தன்னார்வலரைத் தம்பி என்றும் குறிப்பிடுகிறேன். பேச்சிலும் நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் அக்கா.

பின்னணி

கொத்தனார் மலையில் பிறந்தவர். காப்பித் தோட்டக் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் சேலத்துக்கு இறங்கி, கிச்சிப்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டட வேலை பார்த்தார். முதல் தடவை முறையான வேலை விசாவில் அமீரகம் போய், ஒப்பந்தம் முடிந்து நல்லபடியாகத் திரும்பினார். மகளின் திருமணக் கடனுக்காக இரண்டாம் தடவை போனபோதுதான் சிக்கல் வந்தது. ஒரு முகவர் சுற்றுலா விசாவில் அனுப்பி, போன பிறகு வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொன்னார். மாற்றித் தரவில்லை. கடவுச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இதன் விளைவு என்னவென்று மலைக்கிராமங்களில் பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் வேலை விசாவில் முறையாகப் போனால், அவருடைய ஒப்பந்தம் அதற்கான அரசு இணையதளமான இ-மைக்ரேட்டில் பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவச் செலவுக்கும் திரும்பி வரும் விமானக் கட்டணத்துக்கும் நிபந்தனைகளோடு இடம் உண்டு. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். சுற்றுலா விசாவில் போனவருக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. வேலை கொடுத்தவர் அவரைத் தெரியாது என்று சொல்லிவிடலாம், சொல்லியும்விட்டார்.

விசா முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அமீரகத்தில் 50 திர்ஹம் அபராதம். ஓர் ஆண்டுக்கு 18,250 திர்ஹம். 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை பொதுமன்னிப்புக் காலம் இருந்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பியிருக்கலாம். கடன் முடியாமல் வெறுங்கையோடு எப்படி வருவது என்று மனைவியிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பொதுமன்னிப்பு முடிந்து சில நாள்களில் பக்கவாதம் வந்தது. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை அவர் பல மாதங்களாகச் சாப்பிடவில்லை. மருத்துவக் காப்பீடு இல்லாத ஒருவர் அங்கே மருத்துவரிடம் போகத் தயங்குவார்.

தம்பியின் நாள்

தம்பி சிவதாபுரத்துக்காரர். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் குடும்பம். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கர் வேலை. இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட அறையில் ஐந்து பேரோடு தங்கியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு அறை திரும்புவார். வாரத்தில் ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்றைக்குத் தூதரக அலுவலகங்களுக்கும் விடுமுறை. ஆகவே ஒரு முத்திரை வாங்க வேண்டுமென்றாலும் சம்பளப் பிடித்தத்தோடு அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளையான ஒரு மணிக்கு அவர் எனக்கு அழைத்தால் இங்கே இரண்டரை. தாலுகா அலுவலகத்தில் ஒரு காகிதம் குறைகிறது என்று அவர் சொல்லி, நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கையெழுத்துப் போடுகிறவர் கிளம்பியிருப்பார். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தால் நாங்கள் இழந்த நாள்கள் குறைவல்ல.

ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. அமீரகத்தில் அனுமதி பெறாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது குற்றம். 2021இல் வந்த சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவருடைய படத்தைப் பரப்புவதும் குற்றம். ஊரிலிருந்து பலர் தம்பியிடம், நோயாளியின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் ஒரே நாளில் பணம் சேர்ந்துவிடுமே என்று கேட்டார்கள். அவர் அப்படிச் செய்திருந்தால் அவருடைய விசாவே போயிருக்கும். இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். கையில் பணம் வாங்காமல் பொருளாகக் கேட்பதுதான் அவர் வழக்கம். தெரிந்த ஒருவர் நோயாளிக்கான டயப்பர் வாங்கித் தருவார். இன்னொருவர் மெஸ்ஸிலிருந்து கஞ்சி கொண்டுவருவார். கார் வைத்திருக்கும் நண்பர் அஜ்மானுக்கு அழைத்துப் போவார்.

குடும்பத்தைத் தேடியது

மருத்துவமனை அவரை யாரென்று கண்டறிந்துவிட்டது. முதல் தடவை எடுத்த கைரேகைப் பதிவிலிருந்து பெயரும் பழைய கடவுச்சீட்டு எண்ணும் கிடைத்தன. கடவுச்சீட்டில் இருந்தது கிச்சிப்பாளையம் முகவரி. மருத்துவமனையில் வேலை செய்யும் கேரளச் செவிலியர் ஒருவர், தமிழ் பேசுகிற யாராவது வந்தால் நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று தம்பிக்குத் தகவல் அனுப்பினார். கிச்சிப்பாளையத்தில் நான் விசாரித்தபோது, கொரோனா முடக்கத்தின்போதே அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மலையில் எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏற்காடு மலையில் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. அவருடைய கைபேசி அறையோடு போய்விட்டது.

மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டதால் அவருக்கு வலப்பக்கம் முடங்கிப் பேச்சும் போயிருந்தது. இப்படிப் பேச்சிழந்த பலருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது. ஆனால் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். பல்லாண்டுகளாக வாயில் பழகிய வரிசைகள், எண்கள், கிழமைகள், பாட்டு வரிகள் போன்றவை, சில சமயம் தாமாக வெளிவரும். செவிலியர் இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கினால் கொத்தனார் நான்கு என்று உதட்டை அசைத்தார்.

தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாலை கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதுபோல நிறுத்தங்களைச் சொல்லத் தொடங்கினார். அஸ்தம்பட்டி. கோரிமேடு. அடிவாரம். கொத்தனாரின் கண்கள் தம்பியின் முகத்திலேயே நின்றன. நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் என்று சொல்லிவிட்டுத் தம்பி நிறுத்தினார். சற்று நேரம் கழித்து, தெளிவாக இல்லாவிட்டாலும் புரியும்படி, "ஒண்டிக்கடை" என்றார் கொத்தனார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் சொல் அது. ஒண்டிக்கடையிலிருந்து பிரியும் ஒவ்வொரு சாலையையும் தம்பி கேட்டுக்கொண்டே வந்தார். மஞ்சகுட்டைப் பக்கமா அண்ணா? கை அசையவில்லை. நாகலூர்ப் பக்கமா? தம்பியின் விரல்களை அவர் நசுக்கிவிட்டார். அன்றிரவு தம்பி எனக்கு அழைத்தபோது இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஊர் கிடைத்துவிட்டது அக்கா என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றார்.

ஜனவரி என்பது காப்பிப் பழம் பறிக்கும் காலம். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். பகலில் வீடுகளில் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள். தோட்டத்துக்குள் கைபேசிக்குச் சிக்னலும் கிடைக்காது. அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் எனக்கு ஒரு யோசனை சொன்னார்: வீடு வீடாகத் தேட வேண்டாம், சாயங்காலம் பழம் எடை போடும் இடத்துக்குப் போங்கள், சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை, ஒரு தராசு, சாக்குகளோடு வரிசை. மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் வரிசையைப் பார்த்துப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். இடுப்பில் பழச்சாற்றுக் கறை படிந்த சாக்கைக் கட்டியிருந்த ஒரு பெண் திரும்பினார். கணவரிடமிருந்து மூன்று வாரமாக அழைப்பு வரவில்லை. கைபேசிக்குப் பணம் போடவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நோயை நான் மெதுவாகச் சொல்ல முயன்றேன். உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் முதலில் சொல்லுங்கள் அம்மா என்றார். இருக்கிறார் என்றேன். எடைச்சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

காகிதங்கள்

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. இதுதான் அதிக நாளைத் தின்றது.

துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள்தான் அஜ்மானும் ஷார்ஜாவும் வருகின்றன. தூதரகம் உதவ வேண்டுமானால் குடும்பத்தின் எழுத்து மூலமான வேண்டுகோள் அவசியம். வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற முறையீட்டு இணையதளத்தில் மனைவியின் பெயரில் முறையீடு பதிவு செய்தோம். 2015 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் எண் கிடைத்துவிட்டால் முறையீடு காணாமல் போகாது. அடுத்து, நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், ஆதார், குடும்ப அட்டை. இங்கேதான் முட்டுக்கட்டை வந்தது. கடவுச்சீட்டில் மனைவியின் பெயர் வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயராக இருந்தது. ஆதாரில் முழுப் பெயர். இரண்டும் ஒருவரே என்று சான்று கிடைக்கும்வரை வேண்டுகோளைக் கணவன் மனைவி வேண்டுகோளாக ஏற்க முடியாது என்றார்கள். மலையிலிருந்து அவர் இறங்கி வர ஒரு நாள் கூலி போகும். அலுவலரைப் பார்க்க முடியாமல் திரும்பினால் இரண்டாவது நாளும் போகும். கடைசியில் அவர்கள் கிராமத்தின் நிர்வாக அலுவலர் தாமாகவே வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். அந்த ஒரு நற்செயல் எங்களுக்கு இரண்டு வாரத்தையாவது மிச்சப்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு.

இதே நேரத்தில் அங்கே தம்பி நான்கு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகவர் வைத்திருந்த கடவுச்சீட்டு திரும்பக் கிடைக்கவே இல்லை. காணாமல் போனதாகக் காவல்துறையில் பதிந்து, நாடு திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றுக்கு விண்ணப்பித்தார். அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி குடியேற்றத் துறைக்குத் தூதரகக் கடிதத்தோடு மனு கொடுத்தார். மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவிடம் கட்டணத்துக்கு வழி கேட்டார். அறக்கொடை நிதியிலிருந்து அதைச் சரிசெய்ய அந்தப் பிரிவே பெருமுயற்சி எடுத்தது. நான்காவது வேலை, விமானம்.

எழுந்து உட்கார முடியாத நோயாளியை விமானத்தில் ஏற்றுவதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. பல இருக்கைகளை மடக்கி அதன் மேல் படுக்கை பொருத்துவார்கள். அத்தனை இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டு. பறக்கத் தகுதியானவர் என்று மருத்துவர் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதை விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு ஏற்க வேண்டும். கூடவே ஒரு செவிலியர் வர வேண்டும். இங்கே சேர்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனை தயார் என்ற கடிதமும் வேண்டும். படிவம் சில நாள்களே செல்லும் என்பதால் எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். ஒரு தடவை அவசரச் சான்று வந்தபோது மருத்துவப் படிவம் காலாவதியாகியிருந்தது. மறு தடவை படிவம் சரியாக இருந்தபோது அந்த விமானத்தில் படுக்கை வசதி இல்லை என்றார்கள்.

பயணச் செலவை இந்திய சமூக நல நிதி ஏற்றது. வெளிநாட்டில் இடரில் சிக்கிய இந்தியர்களுக்காக 2009இல் தொடங்கப்பட்ட நிதி இது. 2017இல் இதன் விதிகள் விரிவாக்கப்பட்டன. தூதரகச் சேவைகளுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் செலுத்தும் சிறு தொகையிலிருந்தே இது சேர்கிறது. ஆகவே இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கொத்தனாரும் முதல் தடவை போனபோது தன் பங்கைச் செலுத்தியவர்தான். துணைக்கு வரும் செவிலியராக, விடுப்பில் ஊருக்கு வரவிருந்த தமிழ்ச் செவிலியர் ஒருவர் தன் பயண நாளை மாற்றிக்கொண்டு முன்வந்தார். சம்பளம் எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வதற்கான கடிதத்தை வாங்குவது என் பொறுப்பு. எங்கோ கிடக்கும் நோயாளிக்கு முன்கூட்டியே எப்படிக் கடிதம் தருவது என்று தயங்கிய மருத்துவரிடம், அஜ்மான் மருத்துவமனையின் அறிக்கையைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அன்றே எழுதிக்கொடுத்தார்.

திரும்பிய பிறகு

ஏப்ரலில் அவர் சென்னையில் இறங்கினார். அயலகத் தமிழர் நலனுக்கான அரசுத் துறையிடம் முன்பே விண்ணப்பித்திருந்ததால் ஆம்புலன்ஸ் விமான நிலையத்தில் நின்றது. சேலத்துக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர். மருத்துவமனையில் சில நாள் இருந்தார். முதுகில் படுக்கைப் புண் இல்லை என்று பார்த்துவிட்டு வார்டு செவிலியர் வியந்தார். மூன்று மாதம் படுத்த நோயாளிக்குப் புண் வராமல் இருப்பது தானாக நடப்பதில்லை. அஜ்மான் செவிலியர்கள் நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். தம்பியும் அவருடைய நண்பர்களும் மாலைகளில் மூட்டுகளை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலரின் வேலை என்றால் மனு எழுதுவதும் தூதரகம் போவதும் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த முதுகைப் பார்த்திருக்க வேண்டும் அவர்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்ததால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க முடிந்தது. மலைக்குப் போன பிறகு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. இப்போது கொத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர், சோறு, மகளின் பெயர் ஆகியவற்றைச் சொல்கிறார். வலது கை தேறவில்லை. கரண்டி பிடித்துப் பூசும் வேலைக்கு இனி அவர் போவது கடினம் என்று இயன்முறை மருத்துவர் மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

கடன் அப்படியே நிற்கிறது. வட்டிக்காரரிடம் ஊர்ப் பெரியவர்கள் பேசி, இனி வட்டி ஏறாமல் அசலை மட்டும் தவணையில் கட்ட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முகவர் மீது சேலம் காவல்துறையிலும், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் நலனைக் கவனிக்கும், சென்னையிலுள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. மனைவியிடம் முகவர் கொடுத்த ரசீது எதுவும் இல்லை. பணம் கொடுத்தபோது உடன் இருந்த இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதே சாலையில் உள்ள இன்னொரு கிராமத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் சுற்றுலா விசாவில் போகக் கடவுச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சென்ற வாரம் அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னார். முகவரின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டுக்கொண்டோம். அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தபோது, பேசியது நானல்ல, கொத்தனாரின் மனைவி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவராகவே எங்களோடு வந்திருந்தார். ஒரு பையனின் தந்தை பணம் கட்டுவதை நிறுத்திவைத்திருக்கிறார். மற்றவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. வருகிற வாரம் மறுபடி போகிறோம்.